கோஸ்டா ரிகாவுக்குத் தனியாகப் போகலாம், காட்டுக்குள் தனியாக வேண்டாம்

ஒருபுறம் பசிபிக் பெருங்கடல், மறுபுறம் கரிபியன் கடல், நடுவே எரிமலைகளும் மேகம் படிந்த மலைத்தொடர்களுமாகக் கிடக்கும் கோஸ்டா ரிகாவின் மொத்தப் பரப்பு 51,100 சதுர கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டில் பாதிகூட வராது. இந்தச் சிறு நிலத்தில் 900-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. உலகில் அறியப்பட்ட உயிரினங்களில் ஏறத்தாழ 5 விழுக்காடு இங்கே வாழ்வதாகக் கணக்கிடுகிறார்கள். மேய்ச்சல் நிலத்துக்காக வெட்டித் தள்ளியதில் 1980-களில் நாட்டின் காட்டுப்பரப்பு கால்பங்கு அளவுக்குச் சுருங்கியிருந்தது. 1996-இல் வந்த வனச்சட்டம், காட்டை வெட்டாமல் வைத்திருக்கும் நில உடைமையாளருக்கு அரசே பணம் தரும் முறையைக் கொண்டுவந்தது. இன்று நாட்டில் பாதிக்கு மேல் மீண்டும் காடாக இருக்கிறது. ஆகவே நீங்கள் நடக்கப்போகும் காடுகளில் கணிசமானவை உங்கள் வயதை ஒத்தவையாகவும் இருக்கக்கூடும்.

முதுகுப்பையுடன் தனியாகச் செல்பவருக்கு இந்த நாடு எளிது. பேருந்து எங்கும் போகிறது, பெரும்பாலான ஊர்களில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், 1948-இல் ராணுவத்தையே கலைத்துவிட்ட நாடு என்பதால் அரசியல் கொந்தளிப்பும் குறைவு. ஆனால் தனிப்பயணம் என்றால் எல்லாவற்றையும் தனியாகச் செய்வது என்று எண்ணுபவர்கள் இங்கே இரண்டு வகையில் ஏமாறுகிறார்கள்: காட்டில் ஒன்றையும் பார்ப்பதில்லை, கடலில் ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்கள். எங்கே தனியாக இருக்கலாம், எங்கே கூடாது என்ற பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதலில் பருவம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பசிபிக் பக்கம் வறண்ட காலம். கூட்டமும் விலையும் அப்போதுதான் அதிகம். மே முதல் நவம்பர் வரை மழை, அதிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பசிபிக் பக்கம் கொட்டித் தீர்க்கும். கரிபியன் பக்கம் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. அங்கே செப்டம்பரும் அக்டோபரும்தான் ஓரளவு வெயில் காணும் மாதங்கள். முதன்முறை செல்பவருக்கு நான் ஜூலையைச் சொல்வேன். பசிபிக் பக்கத்தில் மழைக்கு நடுவே சிறு இடைவெளி விழும், அதை ‘வெரானில்யோ’, அதாவது குட்டிக் கோடை என்பார்கள். கரிபியன் கரையில் ஆமைகள் முட்டையிடத் தொடங்கியிருக்கும். பிற்பகலில் மழை வரும் என்று ஒப்புக்கொண்டு, பார்க்க வேண்டியதையெல்லாம் காலையிலேயே முடித்துக்கொண்டால் மழை ஒரு தடையே இல்லை.

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. பெரும்பாலும் ஐரோப்பா வழியாகவோ அமெரிக்கா வழியாகவோ போக வேண்டியிருக்கும். அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்குக்கூட அந்நாட்டு விசா வேண்டும் என்பதைப் பலர் பயணச்சீட்டு எடுத்த பிறகுதான் கவனிக்கிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்குக் கோஸ்டா ரிகா விசா தேவை. அமெரிக்கா போன்ற சில நாடுகளின் நடப்பிலுள்ள விசா இருந்தால் விலக்கு உண்டு என்றாலும், எந்த விசா செல்லும், எத்தனை நாள் மீதமிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் மாறுகின்றன. புது தில்லியிலுள்ள அந்நாட்டுத் தூதரகத்துக்கு எழுதிக் கேட்டு, வரும் பதிலை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பயணச்சீட்டைக் குடிவரவு மேசையிலும் அதற்கு முன்பே விமான நிறுவன மேசையிலும் கேட்பார்கள். கொலம்பியா, பிரேசில் போன்ற நாடுகளுக்குப் போய்விட்டு வருபவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் காட்ட வேண்டும். ஊசியைப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும்.

பையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நாளெல்லாம் நம்மோடு இருப்பது அதுதான். நாற்பது லிட்டர் பை, எட்டு ஒன்பது கிலோ எடை. அதற்கு மேல் வேண்டாம். சில ஊர்களில் படகிலிருந்து முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கிக் கரைக்கு நடக்க வேண்டியிருக்கும். அப்போது தலைக்கு மேல் தூக்க முடியாத பை பாரமாகிவிடும். ஜீன்ஸ் நனைந்தால் மூன்று நாளைக்குக் காயாது. தோல் பொருள்களில் பூஞ்சை பிடிக்கும். நான் கொண்டுபோன தோல் செருப்பு நான்காம் நாளே வெள்ளை பூத்துவிட்டது. கடையில் விற்கும் விலையுயர்ந்த பயணத் துவாலையை விட நம் ஊர் ஈரிழைத் துண்டு இரண்டு எடுத்துச் செல்வது மேல். மெலிதாக மடியும், காற்றில் அரைமணியில் காய்ந்துவிடும், வெயிலில் தலைக்கும் ஆகும். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தப் புழுக்கத்தில் நடந்தால் உள்ளே வியர்வையில் நனைவோம். தாழ்நிலக் காட்டுப் பாதையில் குடைதான் வசதி. கடவுச்சீட்டுக்கும் கைபேசிக்கும் நீர்புகாத பை, நெற்றியில் கட்டும் விளக்கு, மழைக்காட்டுக்குச் சிறுவர் குடை போல மடங்கும் ஒரு குடை, மேகக்காட்டுக் குளிருக்கு ஒரு முழுக்கைச் சட்டை, இரவில் ஆமை பார்க்க அடர்நிற உடை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். மின்சாரம் 120 வோல்ட், தட்டை முனைச் செருகி; நம் சார்ஜரில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் மாற்றுச் செருகி மட்டும் போதும்.

கேமராவுக்கும் இருகண்நோக்கிக்கும் இடையே ஒன்றைத்தான் எடுத்துச் செல்ல முடியும் என்றால் இருகண்நோக்கியை எடுங்கள். மழைக்காட்டில் விலங்குகள் நம் கண்ணுக்கு முப்பது மீட்டர் உயரத்தில், இலைக்கூட்டத்தின் நிழலில் இருக்கின்றன. கைபேசிப் படத்தில் அவை கறுப்புப் புள்ளிகள் மட்டுமே.

செலவைப் பொறுத்தவரை மத்திய அமெரிக்காவில் இது மலிவான நாடு அல்ல. ஹாஸ்டலில் ஒரு படுக்கை 12 முதல் 25 டாலர், எளிய சாப்பாடு 6 முதல் 9 டாலர், பேருந்து மிக மலிவு. காட்டு நடைகளைச் சேர்க்காமல் நாளொன்றுக்கு 50 டாலர் என்று நான் கணக்கு வைப்பேன். உள்ளூர் நாணயம் கொலோன். பத்தாயிரம் கொலோன் தாளில் ஸ்லாத் என்னும் மெதுவாக நகரும் மரவிலங்கு இருக்கும், ஐயாயிரத்தில் வெண்முகக் குரங்கு. விலங்கைப் பார்த்தே தாளை அடையாளம் காணப் பழகிவிடுவீர்கள். டாலரை எங்கும் வாங்குவார்கள், ஆனால் சில்லறையாகத் திரும்பி வருவது கொலோனாக இருக்கும், அதுவும் கடைக்காரர் சொல்லும் மாற்று விகிதத்தில். ஆதலால் வங்கி இயந்திரத்தில் கொலோன் எடுத்து வைத்துக்கொள்வதே லாபம்.

சாப்பாட்டுக்கு ‘சோடா’ என்ற பலகையைத் தேடுங்கள். நம் ஊர் மெஸ் போன்ற குடும்பக் கடைகள் அவை. குளிர்பானத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மதியத்துக்குக் ‘காசாடோ’: சோறு, கறுப்பு பீன்ஸ், பழுத்த வாழைக்காய் வறுவல், காய்கறி, கூடவே கறியோ மீனோ. சொல்லுக்குப் பொருள் ‘மணமானவன்’ என்பது. காலையில் ‘காய்யோ பின்டோ’, அதாவது முந்தின நாள் சோற்றையும் பீன்ஸையும் சேர்த்துத் தாளித்தது. பழைய சோறு அறிந்த நமக்கு அந்நியமாகத் தோன்றாது. மரக்கறி உண்பவர்கள் ‘சின் கார்னே’, அதாவது கறி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் கோழி வரக்கூடும், ஏனென்றால் அந்தச் சொல் பேச்சுவழக்கில் பெரும்பாலும் மாட்டிறைச்சியைத்தான் குறிக்கும். கோழி, மீன் இரண்டையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். பீன்ஸைப் பன்றிக்கொழுப்பில் சமைத்திருக்கிறார்களா என்றும் கேட்டுவிடலாம். காரம் போதாதவர்கள் மேசையிலிருக்கும் ‘சிலேரா’ குப்பியைத் திறக்கட்டும். காய்கறியும் மிளகாயும் வினிகரில் ஊறியது.

தலைநகர் சான் ஹோசேயில் எல்லாப் பேருந்துகளுக்கும் பொதுவான நிலையம் என்று ஒன்று இல்லை. கரிபியன் வடபகுதிக்கு ஓரிடம், மலையூரான மான்டேவெர்டேக்கு வேறிடம், தென்பகுதிக்கு இன்னோரிடம் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் நிலையம் மாறும். முகவரியும் அப்படித்தான்: தெருப்பெயரும் கதவு எண்ணும் சொல்வதில்லை, ‘கோயிலிலிருந்து தெற்கே 200 மீட்டர், கிழக்கே 50’ என்பார்கள். நூறு மீட்டர் என்றால் ஒரு தெருத்தொகுதி, உண்மையான அளவு எதுவாக இருந்தாலும். சான் பெட்ரோ பகுதியில் எப்போதோ விழுந்துபோன ஓர் அத்திமரத்தை இன்றும் அடையாளமாகச் சொல்கிறார்கள். மரம் இருந்த இடம் ஊராருக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது. தங்குமிடத்தின் வரைபடப் புள்ளியை முன்கூட்டியே கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். பேருந்தில் கடவுச்சீட்டும் பணமும் உள்ள சிறு பை மடியிலேயே இருக்கட்டும். தலைக்கு மேல் அடுக்கில் வைத்துவிட்டுத் தூங்கியவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். டாக்சி எடுத்தால் சிவப்பு வண்டி, கதவில் மஞ்சள் முக்கோணம் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் மட்டும் ஆரஞ்சு நிறம்.

மூன்று வாரத்துக்கு நான்கு இடங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். நாடு சிறியது என்று எண்ணி ஏழெட்டு ஊர்களைக் கோத்தால் பாதிப் பகல் மலைச்சாலையில் கழியும்.

முதல் நிறுத்தமாகக் கரிபியன் வடகரையிலுள்ள டோர்டுகெரோ நல்லது. சாலையே இல்லாத ஊர். சான் ஹோசேயிலிருந்து காரியாரி வரை ஒரு பேருந்து, அங்கிருந்து லா பவோனா படகுத்துறைக்கு இன்னொன்று, பிறகு ஆற்றில் ஒரு மணி நேரப் படகு. படகுத்துறையிலும் காரியாரியிலும் சீருடை போன்ற சட்டை அணிந்தவர்கள் வந்து எல்லா ஏற்பாட்டையும் தாமே செய்து தருவதாகச் சொல்வார்கள். பொதுப் படகுக்கான சீட்டைப் படகிலேயே வாங்கலாம் என்பதால் அவர்களுக்கு நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை பச்சைக் கடலாமைகள் ஆயிரக்கணக்கில் இந்தக் கரையில் முட்டையிடுகின்றன. ஆமைகளைத் தொடர்ந்து ஆய்ந்த ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க உயிரியலாளரின் பணியை ஒட்டி, 1959 முதலே இங்கே பாதுகாப்பு முயற்சி நடக்கிறது. இரவில் கரைக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் மட்டுமே போகலாம். படம் எடுக்கவும் வெள்ளை விளக்கு ஏற்றவும் அனுமதி இல்லை. இதைக் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். வெளிச்சம் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். சென்னைக் கடற்கரையில் தை, மாசி இரவுகளில் தன்னார்வலர்களுடன் நடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே வரும் அதே பங்குனி ஆமை கோஸ்டா ரிகாவின் பசிபிக் கரையிலுள்ள ஒஸ்டியோனாலில் பெருங்கூட்டமாக ஒரே சமயம் கரையேறுகிறது. ஆகஸ்டு முதல் நவம்பர் வரையில் செல்பவர்கள் அதையும் திட்டத்தில் சேர்க்கலாம்.

டோர்டுகெரோவில் பகல் வேலை கால்வாய்களில் படகு செல்வது. இயந்திரப் படகு வேண்டாம், துடுப்புப் படகைக் கேளுங்கள். காலை ஆறு மணிக்கு முன் புறப்பட வேண்டும். விடியல் ஆண்டு முழுவதும் ஐந்தரையை ஒட்டியே நிகழும், எட்டு மணிக்குமேல் குரங்குகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். தனியாக வந்தவர் ஒரு படகு முழுவதையும் எடுக்க முடியாதே என்று தயங்க வேண்டியதில்லை. முந்தின மாலை வழிகாட்டிகளின் கடையில் பெயர் கொடுத்தால் நால்வர் ஐவராகச் சேர்த்து அனுப்புவார்கள். கடலில் மட்டும் இங்கே இறங்காதீர்கள். நீரோட்டம் கடுமை, சுறாக்களும் உண்டு. கால்வாயில் முதலைகள் இருக்கின்றன.

கரையோரமாகத் தெற்கே உள்ள கஹுயிட்டா தனியாகவே நடக்கத்தக்க இடம். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறும் பீன்ஸும், ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஆங்கிலமும், தேசியப் பூங்காவின் ஊர்ப்பக்க வாயிலில் விரும்பிய நன்கொடையைக் கொடுத்து நுழையும் வழக்கமும் இதற்குத் தனி முகம் தருகின்றன. கடலோரத் தட்டைப் பாதையில் ஸ்லாத்தைத் தேடுங்கள். நம் தேவாங்குடன் இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்; தேவாங்கு குரங்கினத்தோடு சேர்ந்தது, இது எறும்புத்தின்னிக்கு உறவு. உள்ளூரில் ‘பெரெசோசோ’, சோம்பேறி. அகன்ற இலையுடைய குவாருமோ மரத்தின் கவைகளில், சாம்பல் நிறத் தேங்காய் நார் உருண்டை போல் தெரிவதை இருகண்நோக்கியால் பாருங்கள். ஸ்லாத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்பவர்களிடம் பணம் தராதீர்கள். காட்டு விலங்கைத் தொட்டு எடுத்துக்கொள்ளும் தன்படங்களுக்கு எதிராக அரசே 2019-இல் பிரசாரம் தொடங்கியது.

மான்டேவெர்டே வேறு உலகம். 1951-இல் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து, கட்டாய ராணுவச் சேவையை ஏற்காத குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்கள், ராணுவம் இல்லாத நாட்டைத் தேடி இந்த மலைக்கு வந்தன. பால்பண்ணை வைத்தார்கள், நீரூற்றுகளைக் காக்க மேல்மலைக் காட்டை வெட்டாமல் விட்டார்கள்; 1972-இல் காப்பகமாக உருவான மேகக்காட்டுக்கு அதுவே கரு. இந்த மலையைத் தவிர வேறெங்கும் இல்லாதிருந்த பொன்னிறத் தேரையை 1989-க்குப் பிறகு யாரும் காணவில்லை. இங்கே காப்பகப் பாதைகளில் தனியாக நடக்கலாம், அடையாளங்கள் தெளிவானவை. ஆனால் கெட்சால் பறவையைக் காண வேண்டுமென்றால் ஒருநாளாவது வழிகாட்டி வேண்டும். பச்சை வால் நீண்டு தொங்கும் இந்தப் பறவை காட்டு வெண்ணெய்ப்பழ மரங்களில் உண்ணும். எந்த மரம் அந்த வாரம் காய்த்திருக்கிறது என்பது தினமும் நடப்பவருக்குத்தான் தெரியும். அவர் தூக்கி வரும் முக்காலித் தொலைநோக்கியில் ஒருமுறை கண் வைத்துவிட்டால், கொடுத்த கட்டணத்தைப் பற்றிய மனக்கசப்பு போய்விடும்.

கடைசியாக, தென்மேற்கிலுள்ள ஓசா தீபகற்பமும் கோர்கோவாடோ தேசியப் பூங்காவும். நாட்டின் மிக ஆழ்ந்த காடு இதுதான். வாரம் முழுவதையும் இதற்கு ஒதுக்கினாலும் தகும். 1975-இல் பூங்காவாக அறிவித்த இந்த நிலத்தில் நாட்டின் நான்கு குரங்கினங்களும் உண்டு: ஊளைக்குரங்கு, சிலந்திக் குரங்கு, வெண்முகக் குரங்கு, அணில் குரங்கு. சிவப்புப் பஞ்சவர்ணக்கிளிகள் இணை இணையாகக் கூச்சலிட்டுப் பறக்கும். தபீர் எனும் பெரிய விலங்கைப் பகலிலேயே பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் இந்த அளவுக்கு இல்லை. 2014 முதல் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடுவதில்லை. தனியாக வருபவர் டிரேக் விரிகுடாவிலோ புவெர்டோ ஹிமேனெசிலோ இரண்டு நாள் முன்பே தங்கி, ஏற்கெனவே பதிந்த குழுவில் இடம் கேட்பது மலிவான வழி. விடுமுறைக் காலங்களில் பல வாரங்கள் முன்பே பதிய வேண்டியிருக்கும். ஒருநாள் நடைக்கே நூறு டாலரைத் தாண்டும். பணம் இருந்தால் சிரேனா வனநிலையத்தில் ஓரிரவு தங்குங்கள், ஏனென்றால் ஒருநாள் படகுகள் வந்து சேருமுன் விடியலில் அந்தக் காடு வேறு விதமாக இருக்கிறது.

டிரேக்குக்குப் போகும் வழியும் அனுபவமே: சியெர்பே ஊரிலிருந்து அலையாத்திக் காட்டினூடே படகு ஓடி, ஆறு கடலில் கலக்கும் முகத்தில் அலைகளைத் தாண்டி வெளியேறும். பையை நீர்புகா உறையில் கட்டிவிட்டு உட்காருங்கள்.

பாம்பைப் பற்றிய பயம் எல்லோருக்கும் உண்டு. அதை ஒழுங்கான பழக்கமாக மாற்றிக்கொண்டால் போதும். அந்நாட்டில் கடிபடுவோரில் பெரும்பாலோரைக் கடிப்பது ‘டெர்சியோபெலோ’ என்னும் குழிவிரியன். சருகின் நிறம், ஆடாமல் கிடக்கும். ஆகவே முழங்கால் வரை வரும் ரப்பர் காலணி அணியுங்கள். ஊரிலேயே வாடகைக்குக் கிடைக்கும். மரக்கட்டையைத் தாண்டுமுன் அப்பால் பாருங்கள், இருட்டிய பின் விளக்கில்லாமல் பத்தடிகூட நடக்காதீர்கள். கடித்தால் கட்டுப்போட்டு இறுக்குவதும் கீறுவதும் கூடாது; அசையாமல் இருந்து 911-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். கோஸ்டா ரிகா பல்கலைக்கழகத்தின் குளோடோமீரோ பிகாடோ நிறுவனம் நச்சுமுறி மருந்தைத் தயாரித்து நாட்டு மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. பாம்பைவிட அடிக்கடி வருத்துவது எறும்புதான். ‘பாலா’, அதாவது துப்பாக்கிக் குண்டு என்ற பெயருள்ள பெரிய கறுப்பெறும்பு கொட்டினால் வலி ஒருநாள் நீடிக்கும். சேற்றில் வழுக்கும்போது பக்கத்து மரத்தைப் பிடிக்கக் கை தானாகப் போகும், பார்த்துவிட்டுப் பிடியுங்கள்.

கொசுவால் டெங்கு உண்டு. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள், ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் வேண்டாம். கடலில் உள்ளிழுக்கும் ஓட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரை திரும்ப வேண்டும். ஆளில்லாத கடற்கரையில் தனியாகக் குளிக்கவே வேண்டாம். கரையில் விட்ட பையும் திரும்பி வரும்போது இருக்காது.

தனியாகச் செல்லும் பெண்கள் ஹாஸ்டல்களில் பெண்களுக்கான அறைகளைக் கேட்டு வாங்கலாம். இருட்டிய பின் புது ஊரில் போய் இறங்காதபடி பேருந்து நேரத்தைத் தேர்ந்தெடுப்பதே எல்லாவற்றிலும் பயனுள்ள முன்னெச்சரிக்கை. மாலை ஆறு மணிக்கே இருள் சூழும் என்பதால், மதியம் ஒரு மணிக்குமேல் புறப்படும் நெடுந்தூரப் பேருந்தை நான் ஏறுவதில்லை. இது ஆண்களுக்கும் பொருந்தும்.

ஊருக்குத் திரும்பும் முந்தின இரவைச் சான் ஹோசேயில் கழிக்க வேண்டாம். பெயருக்குத் தலைநகரின் விமான நிலையம் என்றாலும் அது இருப்பது அலஹுவேலாவில். அங்கே தங்கினால் அதிகாலை விமானத்துக்குப் பத்து நிமிடத்தில் போய்விடலாம். மீந்த கொலோனை நம் ஊரில் மாற்றுவது கடினம். சந்தையில் காப்பிக்கொட்டை வாங்கிச் செலவழித்துவிடுங்கள். ஸ்லாத் படம் போட்ட ஒரு தாளை மட்டும் கடவுச்சீட்டுக்குள் செருகிக்கொண்டு விமானம் ஏறலாம்.